வாய் மூடி இருக்க வேண்டிய கதிரை

என்னை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம் என்று பள்ளிக்கூட அதிபர் காளிமுத்து சேரிடம் மூன்று தரம் சொன்னேன். கேட்டால்தானே! "நீங்கதானம்மா டீச்சரோட மக. அந்தப் புள்ள உங்களத்தான் கேட்டுச்சு" என்று கதிரையைக் காட்டிவிட்டு, அவர் பாட்டுக்கு மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அது அம்மாவின் கதிரை. கண்டியில் இந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருசம் பேச்சுப் பயிற்சி டீச்சராக இருந்தவர் என் அம்மா இரத்தினம்மா. திக்கிப் பேசும் பிள்ளை, வீட்டில் கூரை பறக்கக் கத்திவிட்டு வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, எல்லாம் அவரிடம்தான் வரும். வாரத்தில் இரண்டு நாள் ஹேவாஹெட்ட, தெல்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் பஸ் ஏறுவார். அவருடைய பிள்ளை ஒன்று மேடையேறினால் முன்வரிசை நடுக் கதிரையில் போய் உட்காருவார். அங்கே அவர் செய்யும் வேலை காத்திருப்பது மட்டும்தான். பிள்ளை ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கைதட்டி உற்சாகப்படுத்தக் கூடாது. "மெதுவா, மெதுவா" என்று சொல்லவும் கூடாது. "அது அந்தப் புள்ளையோட சொல்லு. அதுவே எடுத்துக்கிட்டு வரட்டும், நமக்கு என்ன அவசரம்?" என்பார்.

எனக்கு அவசரம். பிறந்ததிலிருந்தே அவசரம். டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். வந்த ஆள் "தங்கச்சி, இந்த வயித்து..." என்று இழுக்கும்போதே மாத்திரையை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். வீட்டில் யாரையும் ஒரு பேச்சை முடிக்க விட்டதில்லை. "ஏன்டி சஞ்சீவனி, ஒன் வாய்க்கு பௌர்ணமிப் போயாவுக்குக்கூட லீவு கெடையாதா?" என்று அப்பா தியாகராஜா அலுத்துக்கொள்வார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் போய் ஒரு மாதம். இன்று பள்ளிக்கூடத்தில் அஞ்சலிக் கூட்டம். பேசப் போகிறவர்களில் ஒருத்தி ஜஹானா. ஒன்பது வயது, தெல்தோட்டைக்காரி, அம்மா கடைசியாகப் பயிற்சி கொடுத்த பிள்ளை. அவளுடைய உம்மா றலியா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் மௌத்தானதுக்குப் பொறகு இவ ஸ்கூல்ல ஒரு சொல்லும் பேசல்ல மிஸ். முந்தாநேத்து தானா வந்து, டீச்சரப் பத்தி நான் சொல்லோணும் எண்டா. எனக்கு நெஞ்சு படபடங்குது. இண்டைக்கும் வாய் அடைச்சிட்டா இவ இனித் தொறக்க மாட்டா. நீங்க டீச்சர் மாதிரியே முன்னுக்கு உக்காந்து ஈந்தா போதும்."

டீச்சர் மாதிரியாம்! நான் செய்த வேலை தெரிந்தால் இந்த மனுசி என்னை அந்தக் கதிரைப் பக்கமே விடமாட்டார்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடியும் முயன்றார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "பேசாதீங்கம்மா, சும்மா படுங்க. எல்லாம் பொறகு பேசிக்கலாம்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? டொக்டர் சொன்னது, அப்பா சாப்பிடாமல் அடம்பிடித்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று கடகடவெனக் கொட்டினேன். அம்மா வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் காலை போய்விட்டார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேச வைத்தவரை நான் பேச விடவில்லை. பாவி நான். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜஹானாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் தலைத்துணியோடு மேடையேறினாள். கையில் தாள் இல்லை. மைக் அவளுடைய நெற்றி உயரத்தில் நின்றது, யாரோ ஓடிவந்து தாழ்த்தினார்கள். நேராக என்னைப் பார்த்தாள்.

"என்ட பேரு ஜ... ஜஹானா. டீச்சர் எனக்கு தின்ன ப... பணிஸ் கொண்டு வருவாங்க. பாதி எனக்கு, பாதி அவங்களுக்கு." மூச்சு எடுத்தாள். "டீச்சருக்கு ஒரு மகள் ஈக்கிறாங்க. அவங்க வீட்டுல பேசிக்கிட்டே ஈப்பாங்களாம். டீச்சருக்குப் பேச எடமே கெடைக்காதாம்."

மண்டபம் சிரித்தது. பக்கத்தில் அப்பாவும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"அதனால டீச்சர்..." என்றாள். நின்றுவிட்டது.

வாய் திறந்தபடி இருந்தது. தாடை நடுங்கியது. சத்தம் இல்லை. என் தலைக்குள் சொற்கள் நெரிசல்பட்டன. அதனால டீச்சர் அலுத்துப் போனாங்க. அதனால டீச்சர் வீட்டுக்கே போக விரும்பல்ல. அதனால டீச்சர் கடைசி வரைக்கும் பேசவே இல்ல. இதற்குப் பதிலாக வேறு ஏதாவது ஒரு நல்ல சொல்லை நான் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவளும் தப்புவாள், நானும் தப்புவேன். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன்.

பின்னால் யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். சுவரோரம் றலியா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். காளிமுத்து சேர் எழுந்துவிட்டார், கைதட்டி முடித்துவைக்க இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் எட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மனுசன் திடுக்கிட்டுக் கதிரையில் விழுந்தார். கையை நான் விடவில்லை.

அவள் முடிக்காவிட்டால் அவள் தொலைந்தாள், முடித்தால் நான் தொலைந்தேன். என்ன ஆனாலும் சரி என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது.

"அதனால டீச்சர்... ரெ... ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போற பஸ்ஸ விடவே மாட்டாங்க" என்றாள் ஜஹானா. "மகள் பேசுறதக் கேக்காட்டி டீச்சருக்கு சோறு எறங்காதாம். டீச்சர் சொன்னாங்க, நான் நாள் முழுக்க எல்லார் பேசுறதுக்கும் காத்துக்கிட்டு இருக்கேன், என் மககிட்ட மட்டும் காத்திருக்கவே வேணாம் எண்டு."

அப்பா கைலேஞ்சியை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். றலியா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜஹானா தானாக இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது சரியா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடியும் முயன்றேன், காற்றுத்தான் வந்தது. ஜஹானா என் முகத்தைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.