சண்டையின் மெட்டு

1.

இந்தக் கதை என் வீட்டில் பிறந்தது. பக்கத்து வீட்டில் நடந்ததாகப் புளுகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுச் சுவர்கள் மெல்லிசு. யாரும் நம்பமாட்டார்கள்.

நானும் என் கணவர் தனபாலனும் மலாயில்தான் சண்டை போடுவோம். மகள் ஜனுஷாவுக்கு இரண்டரை வயது. தமிழ்ப்பள்ளியில் சேரும்வரை அவளிடம் தமிழ் மட்டும் என்று முடிவெடுத்திருந்தோம். ஆகவே அவளுக்குப் புரியக்கூடாததெல்லாம் மலாயில். என்ன கெட்டிக்காரத்தனம்!

2.

ஒரு மத்தியானம், ஜனுஷா தன் பொம்மையை எதிரே உட்காரவைத்து...

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் சிரித்துவிடுவீர்கள். நானும் சிரித்தேன்.)

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நல்லம்மாள் அக்கா போன் செய்தார்.

"பொம்மைய வச்சு ஏசுறாம்மா. ஒரு சொல்லும் வெளங்கல. ஆனா ராகம் ஒன்னோடதுதான் லா."

போய்ப் பார்த்தேன். என் குரல் ஏறும் இடத்தில் ஏறினாள். தனபாலன் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினாள். அவர் கெர்லிங் தோட்டத்து வேலைக்கு மாறுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் நாங்கள் போடும் சண்டை, தாளம் பிசகாமல்.

[இங்கே, குழந்தைகள் சொல்லுக்கு முன்பே மெட்டைப் பிடித்துக்கொள்வது பற்றி அழகான ஒரு பத்தி இருந்தது. அழித்துவிட்டேன். பாட்டும் பேச்சும் யாரும் சொல்லித்தராமலே ஏறுமாம். நாங்கள் ஒளித்துவைத்ததும் ஏறியிருக்கிறதே!]

3.

"சின்னப் பிள்ள, மறந்துரும் லா," என்றார் தனபாலன், அன்றிரவு வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு.

"எப்படிங்க மறக்கும்? பேச்சே இன்னும் சரியா வரல, சண்ட வந்துருச்சு!"

"சுடா லா!" என்று அவர் மலாயில் போதும் என்றார். நானும் பழக்கதோஷத்தில் மலாயிலேயே திருப்பிக் கொடுத்தேன். இருவர் குரலும் ஏறின.

ஜனுஷா பொம்மையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். ஒவ்வொரு சண்டையின் கடைசியிலும் நான் செய்வது அது. இந்தத் தடவை எனக்கு முன்னால் அவள் செய்துவிட்டாள்.

4.

முதல் முடிவு: கதவைத் திறந்து அவளை அள்ளிக்கொள்கிறேன். (பொய். இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.)

இரண்டாவது: தனபாலன், "கெர்லிங் வேணாம், விடு," என்று... (அதுவும் பொய். அவர் என் பின்னால் நின்று கதவைப் பார்க்கிறார்.)

உள்ளே சத்தமே இல்லை. சண்டை முடிந்தபின் நாங்கள் முகம் பார்க்காமல், பேசாமல் இருப்போமே, அதையும் படித்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"கண்ணு, கதவத் தொற." இதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லைக் கேட்கப்போவதில்லை, மெட்டைத்தான் கேட்பாள். நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்களேன்.

எந்தக் குரலில் சொன்னீர்கள்?