எதிரி இல்லாத கத்தி

கத்தியை உருவும்போது உறை சத்தம் போட்டால் அதிகாரியிடம் என்ன சொல்வது? தூங்குகிறது, எழுப்பினால் முனகும் என்று சொல்லலாம். சிரிக்க மாட்டார்கள். சிரிக்கிறவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை.

இப்படி நினைத்தபடி சுகிர்தா ஆயுத அலுவலகத்தின் நடைவழியில் போய்க்கொண்டிருந்தாள். அவள் நின்றால் நடைவழி நடந்தது.

சொந்தக் கையால் கத்தி செய்தவர்கள் அது சமையல் கத்தியா டாக்டிகல் கத்தியா என்று அங்கே வந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். டாக்டிகல் என்றால் சண்டைக்கு ஆனது. சமையல் என்று தீர்ந்தால் கத்தி சமையலறைக்குப் போகும். செய்தவளும் கூடவே போக வேண்டும். போனவர்கள் திரும்புவதில்லை. அவளுடைய அக்கா அப்படித்தான் போனாள். இப்போது ஜன்னல் வழியாக ரசம் மட்டும் நீட்டுகிறாள்.

சுகிர்தாவுடையது மடங்காத கத்தி. லாரியின் வில்பட்டை இரும்பை மொட்டைமாடியில் காய்ச்சி அடித்தது. அலகும் கைப்பிடிக்குள் ஓடும் இரும்பும் ஒரே துண்டு. உறை எருமைத்தோல். அதைத் தைத்த நாட்களில் அவளுக்குள் ஏதோ ஒன்று அடங்கியது. என்னவென்று அவள் குனிந்து பார்க்கவில்லை.

அதிகாரி தேவசகாயம் கத்தியை உறையோடு வாங்கி மேசைமேல் வைத்தார்.

“கவுத்தா விழுமாம்மா?”

“விழாது சார்.”

“பாத்துருவோம்.”

அவர் உறையைக் கவிழ்க்கவில்லை. மணியை அடித்தார். அறை கவிழ்ந்தது. பீரோவும் தண்ணீர்ப் பானையும் கூரையில் போய் விழுந்தன. அவருடைய பொய்ப்பல்லும் விழுந்தது. கத்தி உறைக்குள்ளேயே இருந்தது.

“பிடிமானம் இருக்கு,” என்றார், பல்லைத் தேடிக்கொண்டே. அறை நிமிர்ந்தது. “எங்க, உருவுங்க.”

“உருவியாச்சு சார்.”

“எப்போ?”

“நீங்க கேக்கும்போதே.”

உறை சத்தமே போடவில்லை. அவர் காதைத் தடவிக்கொண்டார். பிறகு மேசை விளக்கை அலகின் பக்கம் திருப்பினார். கறுத்த அலகின்மேல் விழுந்த வெளிச்சம் திரும்பி வரவில்லை. அறை கொஞ்சம் மங்கியது.

“வாங்குன வெளிச்சத்தைக் குடுக்காதோ?”

“குடுக்காது சார்.”

“எல்லாம் சரியா இருக்கு. எதிரி யாரு?”

“எதிரியா?”

“இரும்பு, தோலு, தையலு, இதெல்லாம் சமையக் கத்திக்கும் இருக்கலாம்மா. எதிரி இருந்தாத்தான் டாக்டிகல். ஒரு பேரைச் சொல்லுங்க, முத்திரை குத்திருதேன்.”

சுகிர்தா தனக்குள் இறங்கித் தேடினாள். உள்ளே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கத்தியைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவளைக் காயப்படுத்தியவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அவள் மேலே ஏறி வந்துவிட்டாள்.

“யாரும் இல்ல சார்.”

“வெளிய ஆள் கிடைக்கும்.”

பத்திர ஆபீஸ் வாசலில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆட்கள் நிற்பதுபோல அங்கே எதிரிகள் நின்றார்கள். ஒருவர் தூக்குவாளியோடு உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர்.

“யக்கா, நான் மாசானம். எதிரி வேணுமாமே? காலையிலேருந்து போணியே ஆகல.”

“உங்கள எனக்குத் தெரியாதே.”

“மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தாங்கா. சாப்பிடும்போது எனக்கு சத்தம் வரும். அதுலேருந்து ஆரம்பிச்சுக்கிடலாம்.”

“அது பரவாயில்ல.”

“உங்க அக்காவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லட்டா?”

“வேண்டாம்.”

மாசானத்தின் முகம் வாடியது. “கோவமே வர மாட்டேங்குதேக்கா உங்களுக்கு. போன வாரம் ஒரு டீச்சர், என்னப் பாத்ததுமே வைய ஆரம்பிச்சுட்டாங்க. தங்கமான மனுஷி.”

“சட்டுனு சொல்லுங்கம்மா,” என்றார் தேவசகாயம். “மாசானம்னு சொல்லுங்க. இல்லன்னா சமையல்னு எழுதிருவேன்.”

அவருக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. உள்ளே கடுகு வெடித்தது. சமையலறையின் தரை வாசலைத் தாண்டி மெதுவாக அவளை நோக்கி நீண்டது.

மாசானம் கழுத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வாகாக நின்றுகொண்டார். “சொல்லிருங்கக்கா. அங்கிட்டுப் போனா வர முடியாது. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.”

அந்தக் கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது. சுகிர்தா அதைப் பார்த்தாள். கத்தியை உறையில் போட்டாள்.

“சொல்லல சார்.”

“அப்போ சமையலா?”

“அதுவும் இல்ல.”

“மூணாவதா ஒண்ணு கிடையாதேம்மா.”

“தெரியும் சார்.”

தரை அவள் காலடிக்கு வந்து சேர்ந்தது. கழுவி விட்டிருந்தார்கள், ஈரமாக இருந்தது.

“செருப்பைக் கழட்டுங்கம்மா,” என்றார் தேவசகாயம்.

சுகிர்தா கழற்றவில்லை.