என். செல்வலட்சுமியின் நாலு கட்டுரைகள்

ஐந்து மணிக்கு ஆய்வு மையங்களின் மதிப்பீட்டு இணையதளத்தை மூடிவிடுவார்கள். இப்போதே மூன்றே முக்கால். மட்டாஞ்சேரி ஆய்வு மையத்தின் நூலகர் கற்பகத்துக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஏழு வருடத்தில் ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளையெல்லாம் தேடிச் சரிபார்த்து ஏற்றுவது அவள் வேலை. எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆதாரத்துக்கு அலையத்தான் ஒரு கற்பகம் இருக்கிறாளே!

செல்வலட்சுமி டீச்சர் மட்டும் பாக்கி. ஒப்பந்தம் நீள ஐந்து கட்டுரை வேண்டும்; டீச்சர் கொடுத்த பட்டியலில் மூன்றுதான். தங்கமான பெண், வேலை போய்விடுமே என்று கற்பகம் விடாமல் தேடினாள். கிடைத்தது! அதே காயல் நண்டு ஆய்வு, ஆனால் எஸ். செல்வலட்சுமி அல்ல, என். செல்வலட்சுமி. நாலு கட்டுரை. கல்யாணமானால் புருஷன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான். ஆனால் டீச்சர் கல்யாணமே ஆகாதவள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

டீச்சரின் போன் அணைந்திருந்தது. அவசரத்தில் கற்பகம் மையத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டுவிட்டாள்: "செல்வலட்சுமி டீச்சருக்குக் கல்யாணமாகி இன்ஷியல் மாறியிருந்துச்சா? ஆருக்காவது தெரியுமா?" கல்யாணமா, எப்போ, மாப்பிள்ளை யாரு என்று பதில்கள் வந்து கொட்டின. உருப்படியாக ஒன்றுமில்லை. எழுதியவரே தளத்தில் ஒப்புக்கொண்டால்தான் சேர்க்க முடியும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளுருத்தியில் டீச்சர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். "சேட்டா, கொஞ்சம் வேகம் போங்க" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

கதவைத் திறந்த செல்வலட்சுமியின் கையில் போன். இப்போதுதான் குழுவைப் பார்த்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த நாலையும் வேணும்னுதான் விட்டேன் சேச்சி. என்-னா நிகில். கோர்ட்ல பிரிஞ்சு மூணு வருஷமாச்சு. அந்த எழுத்து என் பேர் பக்கத்துல நிக்கவே வேண்டாம். மையத்துல ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சு, இன்னிக்கு வரைக்கும்."

கற்பகம் போனை எடுத்து செய்தியை அழிக்கப் போனாள். முப்பத்தொரு பேர் படித்தாகிவிட்டது. சண்டாளி, கேட்பதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை!

"டீச்சரே, க்ஷமிக்கணும். நான் அறியாம..."

"மணி என்ன?"

"நாலு நாப்பது."

"தாங்க அந்த லேப்டாப்பை. மானம்தான் போச்சு, வேலையும் போகணுமா? நண்டு தேடிச் சேத்துல இறங்கினது நான். அவன் ஒரு நாள் கரையில வந்து நின்னதில்லை."

நாலு கட்டுரைகளையும் படபடவென்று ஒப்புக்கொண்டாள். பெயர் மாறியதற்குக் காரணம் என்ன என்று தளம் கேட்டது. டீச்சர் கணினியைக் கற்பகத்தின் பக்கம் திருப்பினாள்.

"இதை நீங்களே எழுதுங்க. ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானே."

கற்பகம் எழுதினாள். விவாகரத்து. தளம் ஏற்றுக்கொண்டது, மொத்தம் ஏழு. வேலை தப்பியது.

சாயா குடிக்காமல் யாரையும் அனுப்பாத வீடு அது. கற்பகம் கணினியை மூடி, எழுந்து, செருப்பை மெதுவாகவே மாட்டினாள். டீச்சர் சாயா வேண்டுமா என்று கேட்கவில்லை.