பாபாவின் நாற்பதாம் நாள்

நஸ்ரின் அடுக்களை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதிள் போக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலப் பூசைக்கு முன்னால் யார் யாருக்காகப் பூசை என்று உபதேசியார் மாதாகோயில் ஒலிபெருக்கிக் குழாயில் வாசிப்பது தினமும் உள்ளதுதான். ஊர் ஈரான்காரி என்று கூப்பிடுகிற அவள் அதைக் காதில் வாங்குவதில்லை. அன்று வாங்கினாள்.

"நாற்பத்தொன்றாம் நாள் நினைவு. டைட்டஸின் மாமனார் மன்சூர் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

மன்சூர் அவளுடைய பாபா, அப்பா. ஈரானில் கிஷ் தீவில் தன் படகில் வேலைக்கு வந்த டைட்டஸுக்கு, சாதி மதம் ஒன்றும் பாராமல் மகளைக் கட்டிக்கொடுத்த மனுஷர். அங்கே சண்டை வந்து போன் கிடைக்காமல் ஆனபிறகு, துபாய்க் கூட்டாளி மூலம் சேதி கேட்டு, "மாமா சொகமா இருக்காரு" என்று டைட்டஸ்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாமியார் விக்டோரியா பூசையை விட்டுவிட்டுத் தலை முக்காட்டோடு ஓடிவந்தாள். பின்னாலேயே டைட்டஸ். விக்டோரியா ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். பாபா நெஞ்சுவலியில் போய்விட்டார். நஸ்ரினுக்கோ போன தடவை ஐந்தாம் மாதமே கலைந்த வயிறு, இப்போது எட்டு நடக்கிறது, அதனால் தாயும் மகனும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். ஆனால் சம்பந்தியின் ஆத்துமாவைப் பூசையில்லாமல் விட அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேரை வாசிக்கவேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லத்தான் மறந்துபோனாள். நல்லது செய்யப்போய் இப்படி ஊரைக் கூட்டிவிட்டாள், பாவம்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாதுண்ணுதான் மக்கா."

நஸ்ரினுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. டைட்டஸைப் பார்த்தாள்.

"நேத்துகூட பாபாக்கு ஒடம்பு சொகம் வேணும்ணு தொழுதேன். செத்தவருக்குச் சொகம் கேட்டேன். பாத்துட்டுதானே நிண்ணிய?"



"இன்னைக்கு நாப்பத்தொண்ணு, பூசை நடக்குல்லா மக்கா" என்றாள் விக்டோரியா.

"எங்களுக்கு நாப்பது, மாமி. அது நேத்து."

நேற்று அவள் பக்கத்துவீட்டு பிரிஜாவின் கல்யாணத்தில் சிவப்புச் சேலை கட்டி, பூ வைத்து, சிரித்துச் சிரித்துப் பிரியாணி தின்றாள். போட்டோ எடுத்ததே டைட்டஸ்தான்.

எழுந்து கையைக் கழுவினாள். சட்டியில் நெய் ஊற்றி, கோதுமை மாவைக் கொட்டிக் கிண்டினாள். அவள் ஊரில் செத்தவர்களுக்கு இப்படித்தான் அல்வா கிண்டுவார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அகப்பையை வாங்கி, அவருக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டே கிண்டவேண்டும். அதை விக்டோரியாவிடம் சொன்னாள். சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

விக்டோரியா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நஸ்ரின் அகப்பையைக் கொடுத்தாள். கிழவி உதடு அசைய அசையக் கிண்டித் திருப்பித் தந்தாள்.

அப்புறம் டைட்டஸ் கை நீட்டினான். நஸ்ரின் திரும்பிப் பார்க்காமல் கிண்டிக்கொண்டே இருந்தாள். அவன் கையை மடக்கவில்லை. மாவு சிவந்துகொண்டிருந்தது.