பெரிய மரத்துக்குப் போகும் வழி

மழை பாயின் மேல் விழுந்து கோரைக்குள் இறங்குகிறது, உள்ளே புருஷன் வீரானின் நெற்றி நனையுமே என்று மயிலி முந்தானையைத் தலைமாட்டில் விரித்துப் பிடித்தபடி நடக்கிறாள், தம்பிமார் இருவரும் மூங்கிலைத் தோளில் தாங்கி முன்னும் பின்னுமாய் வருகிறார்கள், சோதனைச் சாவடியைத் தாண்டினால் பெரிய மரம், ஊரே கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேக்கு, அதன் வேரடியில்தான் வீரானைப் பெற்றவர்கள் கிடக்கிறார்கள், பேர் வைக்குமுன் போய்விட்ட மயிலியின் பெண்பிள்ளையும் அங்கேதான், நேற்று இருமலுக்கு நடுவில் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான், என்னைய இந்தக் காலனியில போட்டுறாத புள்ள, அங்க கொண்டுபோயிரு, அவள் சரி என்றாள், அதைக் கேட்ட பிறகுதான் பிடி தளர்ந்தது, மூச்சும் அடங்கியது.

அந்தக் காடு முழுக்க ஒருகாலத்தில் அப்படிப்பட்ட மரங்களே நின்றன, வீரானின் அப்பன் சொல்லக் கேட்டிருக்கிறாள், கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் கட்டை வேண்டுமென்று துரைமார் வந்தார்களாம், வந்தவர்கள் உடனே வெட்டுவதில்லை, அடியில் சுற்றிலும் பட்டையைச் சீவிவிட்டுப் போய்விடுவார்கள், மரம் நின்றபடியே சாகும், இலை உதிர்த்து, ஒரு துளிர் முட்டிப் பார்த்து, அதுவும் கருகி, ஈரமெல்லாம் வற்றிய பிறகுதான் கோடாலி, அப்புறம் இழுக்க யானை, பெரிய மரத்தையும் தட்டிப் பார்த்தார்கள், உள்ளே பொக்கை, உதவாது என்று விட்டுப்போனார்கள், இப்போது அதன் பக்கத்தில் பலகை நிற்கிறது, கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கப்பட்ட மரம் என்று.

துரைமாருக்குப் பிறகு நம்மூர்க் குத்தகைக்காரர்கள், அவர்களும் வெட்டியது போக மிச்சம் நின்றதைத் தேசியப் பூங்கா என்றார்கள், அன்றைக்கு வந்த அதிகாரி அதிர்ந்து பேசாதவர், காட்டைக் காப்பாத்தணுமில்ல, நீங்க கீழ காலனிக்குப் போயிருங்க, வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை தர்றோம் என்றார், யாரும் நகரவில்லை, அதனால் பொம்மி வந்தது, மரம் இழுத்துக் கிழண்டுபோன யானை, வீரான் புல்லறுத்துப் போட்டு ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டியது, குடிசைக் காலில் சங்கிலி மாட்டினார்கள், வாசலில் நின்ற வீரானைப் பொம்மி மோந்து பார்த்துத் துதிக்கையை அவன் அக்குளுக்குள் நுழைத்தது, அங்கேதான் அவன் வெல்லம் ஒளித்துவைப்பான், இழு என்றால் இழுக்கவில்லை, பாகன் காதுக்குப் பின்னால் பழைய புண்ணில் அங்குசத்தைக் குத்தித் திருகினான், ரத்தம் கழுத்தில் இறங்கியது, மறுபடி குத்தினான், போதும் விடுப்பா, அதைக் கொல்லாத என்று வீரானே விலகினான், விலகி நின்று, இழு தாயி, என்றான், அவன் குரலுக்குக் குடிசை ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

சொன்னபடி வேலையும் பின்னால் வந்தது, மகன் சிவராசு மீசை முளைத்த வயதில் காக்கி போட்டான், வீரான் சட்டையைத் தொட்டுப் பார்த்து நல்ல துணி என்றான், அந்தச் சட்டைதான் இப்போது சாவடியிலிருந்து ஓடிவருகிறது, பாயைத் தொடுகிறது, கையை எடுத்துக்கொள்கிறது, ரேஞ்சர்கிட்ட போன்ல கேட்டேன் ஆத்தா, முடியாதுன்னுட்டாரு, உள்ள பொதைக்கச் சட்டம் இல்லையாம்.

ஜீப் ஒன்று வந்து நிற்கிறது, உள்ளே தொப்பி போட்ட குழந்தைகள், சிவராசு தடுப்புக் கம்பைத் தூக்குகிறான், ஜீப் போனதும் இறக்குகிறான், அவுங்கள விட்டியே என்கிறாள் மயிலி, அவுங்க சாயந்திரம் திரும்பி வந்துருவாங்க ஆத்தா என்கிறான் அவன், அவள் மகன் பக்கம் நெருங்கி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க சாமி, நாங்க போயிர்றோம் என்றாள், கேமரா இருக்கு ஆத்தா, வேலை போயிரும், ரெண்டு பொட்டப்புள்ள வெச்சிருக்கேன், அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும், தம்பிமாரிடம் இறக்குங்கடா என்றாள், பாயை விலக்கி வீரானின் முகத்தைத் திறந்தாள், நான் சரின்னு சொல்லிட்டேன், மாத்திச் சொல்ல எனக்கு வாய் வராது, நீயே உங்கப்பன்கிட்டச் சொல்லு.

சிவராசு தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், குனிந்தான், அப்பா என்று ஆரம்பிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள், உள்ள விட முடியாதுங்க என்றான், வண்டிக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில், பெற்றவனை வா போ என்றே கூப்பிட்டு வளர்ந்தவன்.

காலனிக்குப் பின்னால் கல்லும் சரளையுமாய்க் கிடந்த மண்ணில் மறுநாள் குழி வெட்டினார்கள், மூன்றடிக்கு மேல் இறங்கவில்லை, சிவராசு லீவு கேட்டுக் காக்கியோடு வந்தான், மண்வெட்டிக்குக் கை நீட்டினான், மயிலி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அவன் முகத்தைப் பார்க்காமலே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என்றாள்.