மாற்று ஆள்

புதிய ஷிப்ட் அட்டவணையைக் கேண்டீன் சுவரில் ஒட்டிவிட்டு, ஒட்டிய பெண்ணே பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்கு அட்டவணை மேடம் என்று பெயர் விழுந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. உலைப் பக்கம் ஒருவன் நின்றபடியே கண்ணயர்ந்து கையைச் சுட்டுக்கொண்ட பிறகு நிர்வாகம் அவளை வேலைக்கு எடுத்தது. வந்தவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. எல்லா ஷிப்டிலும் சுற்றினாள். யாருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, யாருக்கு வயிறு கெட்டிருக்கிறது, யார் தன் பிள்ளையை விழித்திருக்கும்போது பார்த்து வெகுநாளாகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒப்புக்குக் கேட்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சொன்னதெல்லாம் இப்போது சுவரில் வந்திருந்தது.

இனி யாருக்கும் நிரந்தர இரவு வேலை கிடையாது. காலை, அடுத்து மதியம், அடுத்து இரவு என்று எல்லோருக்கும் ஒரே திசையில் சுழலும். இரவு முடித்தவரை உடம்பு தேறும் முன் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். விடுமுறை நாள் வேலை எல்லோருக்கும் சமமாக வரும், மேலாளரின் மச்சான் உட்பட. அந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. மச்சானும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தவளைக் கீறலக்கா என்று கூப்பிடுவார்கள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடி வரும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைக் கண்டுபிடித்து எடுப்பது அவள் வேலை. அவளும் சிரித்தாள். டீ நன்றாக இருந்தது. அப்போதுதான் மேடம் அடுத்ததைச் சொன்னாள்.

"அடுத்த ஆள் வரலைன்னா, இருக்கிற ஆளையே பிடிச்சு நிறுத்தி வைக்கற பழக்கம் இனிமே இருக்காது. அதுக்குன்னே ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒருத்தர் மாத்து ஆளா இருப்பாங்க. உங்க நேரம் முடிஞ்சதா, நீங்க கிளம்பலாம்."

கை தட்டினார்கள். கீறலக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவ ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆள். ஒரு ஆளைக் கூடுதலாக உட்கார வைப்பது. இவ்வளவு சின்னக் காரியமா அது?

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். பிறந்ததிலிருந்தே நடமாட்டம் இல்லை, பேச்சு இல்லை. ஆனால் ஆளைத் தெரியும், குரலைத் தெரியும், அப்பாவின் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டிய பிள்ளை. அதனால் வீட்டுக்காரர் உலையில் நிரந்தர இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார், அவள் நிரந்தரக் காலை. அவர் வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் பகுதியில் வேலை தொடங்கும். அவர் வந்து செருப்பைக் கழற்றுவார், அவள் மாட்டிக்கொள்வாள். வாசலிலேயே ஒப்படைப்பு நடக்கும். பால் குடிச்சாச்சு, மருந்து குடுத்தாச்சு, ராத்திரி சரியா தூங்கல, பாத்துக்கோங்க. அவர் "ம்" என்பார். புருஷன் பெண்டாட்டியின் பேச்சு பல வருஷம் அவ்வளவுதான். அதில் குறை இருப்பதாக இருவருக்கும் தோன்றியதில்லை. மகள் தேறித் தேறி வளர்ந்துகொண்டிருந்தாள். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு நாள் அவருக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் வரவில்லை. உலையை விட்டு நகரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உலைப் பக்கம் போன் கொண்டுபோக முடியாது. வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லி ஆபீஸ் பையனிடம் சொன்னார், அவன் மறந்துவிட்டான். இங்கே அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்தாள், இன்னொரு தடவை என்றால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். மகளுக்கு மருந்து அந்த வேலையின் சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தது. இதோ தெருமுனைக்கு வந்திருப்பார், வழியில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். வழியில் பார்க்கவில்லை. வேறு சந்து வழியாகப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு, வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கீறல் தேடினாள். அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு வலிப்பு வந்து, எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனதும் அவர் இரவுக்கே போனார், அவள் காலைக்கே போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை என்பதைத் தவிர வாசலில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதற்கும் வருஷங்கள் ஆகிவிட்டன.

அவள் திரும்பி வந்தபோது கேண்டீனில் கூட்டம் கலைந்திருந்தது. பேக்கிங்கில் இருப்பவள் அவள் தோளில் இடித்து, "உன்னையும் உன் வீட்டுக்காரரையும் ஒரே குரூப்பில போட்டிருக்காங்க. புதுசா கல்யாணம் ஆன மாதிரி ஜோடியா வரலாம்" என்று சிரித்தாள். கீறலக்கா சுவரில் போய்ப் பார்த்தாள். உண்மைதான்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனாள். தனக்கு நிரந்தரக் காலையே பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்றாள். மேடம் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ரெண்டு பேரும் மாறி மாறி வேலைக்குப் போய் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதே இல்லைன்னு சொன்னாங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் சேர்த்துப் போட்டேன். நேத்து சாயந்திரம் உங்க வீட்டுக்காரரும் வந்து நைட் ஷிப்டே குடுங்கன்னு நின்னார். வீட்டில ஏதாவது பிரச்சினையா? உங்களை அடிக்கறாரா?"

"சேச்சே. அவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார் மேடம்."

தான் கேட்க வந்ததையே அவர் முந்திக்கொண்டு கேட்டிருக்கிறார். அதில் வலிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் சுருக்கென்று குத்திவிட்டது. இத்தனை நாளும் தான்தான் விலகியிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் விலகிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இருக்கட்டும் மேடம். போட்டபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

புது அட்டவணையின் முதல் நாள், காலை ஷிப்ட் முடிந்து இருவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். இரண்டு தேவைப்பட்டதில்லை. பின்னால் உட்கார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, உட்கார அவளுக்கும் கூச்சம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அவள் அடுத்த பக்கம் நடந்தாள். யாரோ விசில் அடித்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

சாப்பாடு போட்டாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார் என்று தெரியும். இப்படிச் சத்தமே இல்லாமல் கழுவுவார் என்று தெரியாது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. படுக்க ஒரே கட்டில். இன்னொன்று சுவரோரம் இருந்த கம்பி வைத்த சின்னக் கட்டில், அதன் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. அவர் பாயை எடுத்து அதன் பக்கத்திலேயே தரையில் விரித்தார். மேலே படுங்கள் என்றாள். பரவாயில்லை என்றார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி துணியை உதறுவது தெரிந்தது.

"அன்னைக்கு நீ கிளம்பும்போது முழிச்சிட்டிருந்தாளா?" என்று அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிடலாம். தூக்கத்திலேயே போய்விட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். அந்தப் பதில் எத்தனையோ நாளாக அவளிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தபோது வேறுதான் வந்தது.

"முழிச்சிட்டுத்தான் இருந்தா. பால் பாதிதான் குடிச்சா. மருந்து குடுத்தாச்சு. ஜன்னலைப் பாக்கற மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். அப்பா இப்ப வந்துடுவார்னு சொன்னேன். சிரிச்சா."

"ம்" என்றார்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். முதுகு குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. அவள் எழுந்து போகவில்லை, அழவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் மூச்சு சீரானது. தூக்கத்தில் புரண்டபோது சட்டைக்கை மேலே ஏறிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சூட்டுத் தழும்பு, தோல் சுருங்கி வெளுத்திருந்தது. ஆறி வெகுகாலம் ஆன தழும்பு. அது எப்போது பட்டது, யார் மருந்து போட்டார்கள், எத்தனை நாள் அந்தக் கையோடு சைக்கிள் மிதித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.