பச்சைப் பொய்

உரக்கிடங்காக இருந்த அந்த அறையில் அப்போது இருந்தவர்கள்: ஓவியக்காரி, நிலத்துக்குச் சொந்தக்காரனான அவளுடைய அண்ணன், அண்ணி, படத்தை எடுத்துப்போக வந்த ஹோட்டல் மேலாளர், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்த வேன் ஓட்டுநர். ஒரு கோழியும் இருந்தது. அதற்கு மட்டும் படத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

படம் ஒரு சுவரையே அடைத்து நின்றது. இந்த வருஷம் அண்ணன் விதைக்காமல் விட்ட மேட்டு நிலம். முழுக்க மண். வெயில் பட்ட இடத்தில் ஒரு பழுப்பு, ஈரம் ஒளிந்த இடத்தில் வேறொரு பழுப்பு, நிழலில் கொஞ்சம் ஊதா. இரவுப் பணியை உதறிவிட்டு வந்தபின் வரைந்தவற்றில் இதுதான் முதல்தரம் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல ஆள் தேவையில்லை. வாங்கத்தான் ஆள் தேவைப்பட்டது; இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை.

“பச்சையே இல்லையே மேடம்,” என்றார் மேலாளர். “வயல்னுதானே கேட்டோம்? உள்ள வர்றவங்களுக்குக் கண்ணு குளிரணும். மேல லேசாப் பச்சை ஓட்டி விடுங்க, இப்பவே எடுத்துக்கறோம். இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“குளிர்றதுக்குத்தான் ஏசி இருக்குமே,” என்றாள் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. “கீழ்வயல் பச்சைப்பசேல்னு கிடக்கு. உனக்கு இந்தத் தரிசுதான் கிடைச்சுதா? என் மானத்தை ஹோட்டல்ல மாட்டப் போறியா? அவர் சொல்றபடி பூசிக் குடு.”

“அது சும்மா கிடக்கலைண்ணா, தூங்குது. நைட் ஷிப்ட் முடிஞ்சு நான் பகல்ல தூங்கினப்பவும் நீ தண்டம்னுதான் சொன்னே.”

“உனக்கு நாக்கு மட்டும் முப்போகம் விளையுது,” என்று சொல்லி அவனே தூரிகையை எடுத்துப் பச்சையில் முக்கினான். அவள் தடுக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கட்டும் என்று கைகட்டி நின்றாள்.

தள்ளி நின்று பார்த்தால் வெறும் மண். அண்ணன் முகத்தைப் படத்தோடு ஒட்டிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது: வரப்பிலிருந்து நடு நிலம்வரை போய்த் திரும்பும் செருப்புத் தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, நாள் தவறாமல் மிதித்தவை. இடது தடம் மட்டும் பின்னால் இழுபட்டிருந்தது.

அண்ணியும் குனிந்தாள். “இந்த இழுப்பு எனக்குத் தெரியுமே! காலைல மோட்டார் போடப் போறேன்னுட்டு இங்கயா போய் நிக்கறீங்க? விதைக்காத நிலத்துல என்ன வேலை?”

“பாக்கறதுதான்,” என்றான் அண்ணன். “மண்ணு தேறுதான்னு.”

தூரிகை நுனியில் பச்சை திரண்டு தரையில் சொட்டியது. கோழி வந்து கொத்திப் பார்த்துத் தலையை உதறியது.

“சார், அந்த ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க,” என்றார் மேலாளர்.

“இதுமேல பூசினா பச்சைப் பொய்ங்க.” அண்ணன் தூரிகையைத் தங்கையிடம் நீட்டினான்.

ஓட்டுநர் வாளியோடு குலுங்கிச் சிரித்தார். மேலாளர் ஓவியக்காரியைப் பார்த்தார். “மாட்டினா இப்படியே மாட்டுங்க,” என்றாள் அவள். யோசித்துவிட்டுப் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு மேலாளர் போனார். வேன் வந்தபடியே காலியாகத் திரும்பியது. அண்ணி கோழியை விரட்டிக்கொண்டு வெளியேறினாள்.

அண்ணன் மட்டும் வாசலில் தயங்கினான். “அவ்ளோவா இழுக்கறேன்?”

“அதைவிட அதிகம். உனக்காகக் குறைச்சுப் போட்டேன்.”

அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மேட்டு நிலத்தைப் பார்க்க நடந்தான். பச்சைச் சொட்டை மிதித்திருக்க வேண்டும். இடது செருப்பு வாசற்படியில் ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டுப் போனது. அதைத் துடைக்காமல் தாண்டி வெளியே வந்து, அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.